அந்தப் படம் விழுந்திருந்தது

கண்ணு,

இந்த உறையைப் பிரிக்கும்போது உனக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்கும். உன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்திருக்கும். அதுவரை பிரிக்க வேண்டாம் என்று மேலே எழுதியது அதற்காகத்தான். இதை எழுதுகிற இன்று உனக்கு எட்டு வயது. நாளை மறுநாள் உன்னைக் கோயமுத்தூர் விடுதியில் கொண்டுபோய் விடப்போகிறோம். நேற்று என் பீரோவிலிருந்து அந்தச் சின்ன கேமராவை எடுத்து, துண்டில் சுற்றி, உன் டிரங்குப் பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தாய். நான் எடுத்துவிட்டேன். நீ அழுதாய். “சும்மாதானே கெடக்குது, குடுத்துத் தொலையேன்” என்றார் உன் அப்பா. அதற்கு இப்போது ஃபிலிம் கிடைப்பதில்லை என்று சொன்னேன். அது பொய். ஃபிலிம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஏழு வருஷமாக நான்தான் போடவில்லை. அந்தக் கேமராவை வைத்து நான் சொன்ன முதல் பொய் இதைவிடப் பெரியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏழு வருஷம் தாமதமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும்.

என் கல்யாணத்துக்கு முன்னால், நகை போக நீயாகக் கேட்கிற ஒரு சாமான் வாங்கித் தருகிறேன் என்றார் என் அப்பா. கேமரா என்றேன். கல்லூரியில் எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தது, கழுத்தில் தொங்கவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமரா. அரைமணி நேரம் போட்டிருந்தால் பிடரி வலிக்கும். கடைக்காரர் அதையும் எடுத்துவைத்தார், பக்கத்தில் உள்ளங்கை அளவில் இன்னொன்றையும் வைத்தார். “பெருச வாங்குங்கம்மா, கழுத்துல போட்டீங்கன்னாலே ஒரு மரியாதை” என்றார். எனக்கு அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. கேரள எல்லையில் வடகரப்பதிப் பக்கம் தோட்டத்துக் குடும்பத்தில் வாழப்போகிற மருமகள், கழுத்தில் பெரிய கேமராவோடு வரப்பில் நடந்தால் என்ன சொல்வார்கள்? சின்னதென்றால் கொசுவத்துக்கு மேல் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். படம் பாதியளவில் விழுவதால் ஒரு சுருளுக்கு எழுபத்திரண்டு படம் எடுக்கலாம், காசு மிச்சம். பெரிய கேமரா கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் வெளியே வரும். இது அன்றாடம் கூடவே இருக்கும். இப்படியெல்லாம் யோசித்து, ஏதோ பெரிய புத்திசாலி மாதிரி, சின்னதை எடுத்துக்கொண்டேன். நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. கையோடு வருகிற லேசான பொருள் நம்மையும் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகும். பார்க்கவேண்டாததையும் பார்க்க வைக்கும். பார்த்ததற்கு அத்தாட்சியும் எடுத்து வைத்துவிடும்.

உன் தாத்தா முதல்நாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனம்மிணி, தீப்பெட்டியாட்ட இருக்குது? இதுல ஆளு முழுசா வுழுவானா, இல்ல இடுப்பு வரைக்குந்தானா?” என்றார். உன் அப்பா, “கண்ணாலத்துக்கு வந்தவன் கேமரா மூணு கால்ல நின்னுச்சு. இதுக்கு ஒத்தக் காலுகூட இல்லையே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் எதை எடுத்தாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கரும்பு ஆலை, களத்தில் காயும் கடலை, ஏற்றம், நீ தவழ்ந்தது எல்லாம் எடுத்தேன். யாரும் நின்று தலை வாரிக்கொள்ளவில்லை, சட்டையை இழுத்துவிடவில்லை. அவைதான் என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்று நினைவு வைத்திருக்கிறேன். அப்படி நினைவு வைத்திருக்க எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை.

பனைமரத்துக் காடு உனக்குத் தெரியும். இன்று முழுவதும் கடலை போடுகிற காடு. அதன் தென்கிழக்கு மூலையில், கிணற்றுக்கு அந்தப்பக்கம், அன்று ஒரு வீடு இருந்தது. மண்சுவர், பனையோலைக் கூரை. நம் பண்ணையத்தில் வேலை செய்த ரங்கனும் அவன் சம்சாரம் காளியம்மாவும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். ரங்கனின் அப்பன் காலத்திலிருந்தே அங்கேதான். உனக்கு ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துவிட்டுத் திரும்பும்போது காளியம்மா வண்டியை மறித்தாள். “ஏனுங் சின்னம்மிணி, சின்னவரு மொட்டையக் காட்டாமயே போறீங்களா?” என்றாள். நான் இறங்கி, அவள் வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உன்னை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். நீ சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் கைகளை நீட்டிக்கொண்டு அவள் குனிந்து நின்றாள். விழுந்தால் பிடிக்கலாம், ஆனால் உன்னைத் தொடவில்லை. அப்படித்தான் வழக்கம். அன்று அது எனக்கு உறைக்கவும் இல்லை. “இதுக்குள்ள நான் இருக்கறனுங்களா?” என்று கேமராவைக் காட்டிக் கேட்டாள். “இருக்கறே காளியம்மா” என்றேன்.

அப்போது கேரளத்தில் நிலச்சட்டம் வந்திருந்த நேரம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவனுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் இடம் சொந்தமாகும் என்று வந்தது. குடிகிடப்பு என்று மலையாளத்தில் சொல்வார்கள். அக்கம்பக்கத் தோட்டங்களில் ஆட்கள் மனுப்போட ஆரம்பித்தார்கள். ரங்கன் போடவில்லை. “பெரியவரு மூஞ்சில எப்படிங்க முழிக்கறது” என்று அவன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் உன் தாத்தா அவன் மனுப்போடும்வரை காத்திருக்கிற ஆளில்லை.

வருஷா வருஷம் பங்குனியில் கூரை மாற்றுவது பண்ணைய வழக்கம். நம் வரப்புப் பனைகளில் ஓலை வெட்டிக் காயப்போட்டு, குடிசைக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள். குடியிருப்பவன் பழைய கூரையைக் காலையில் பிரித்தால் பொழுது சாய்வதற்குள் புதுக்கூரை ஏறிவிடும். ஓலை நிலத்துக்காரர் கொடுப்பது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அவர்களாகவே வந்து இறக்குவார்கள். அந்த வருஷமும் ஓலை வந்து இறங்கியது. ரங்கன் பார்த்தான், காலையில் கூரையேறிப் பிரித்தான். மத்தியானம் நம் வண்டி போய் அந்த ஓலையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. “ஆலைக் கொட்டாய்க்கு அவசரமா வேணும். உனக்கு நாளைக்கு வெட்டித் தர்றன்டா” என்றார் உன் தாத்தா. ரங்கன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிங்க என்று நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் கோடைமழை பிடித்தது. கூரையில்லாத மண்சுவர் எவ்வளவு நேரம் நிற்கும்? காலையில் சுவர் இடுப்பளவு சேறாகிக் கிடந்தது. “குழந்தைய வெச்சுட்டு நனையாதீங்க, மாட்டுக் கொட்டாய்ல வந்து இருங்க” என்று ஆள் அனுப்பினார். அவர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் அந்த மூலையில் ஏர் ஓடியது, கடலை விதைத்தார்கள்.

யாரும் அவர்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை. ரங்கன் தன் கூரையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டான். உன் தாத்தாவை நம்பாத ஒருவன் அந்தத் தவறைச் செய்திருக்கமாட்டான். குடிசை இல்லையென்றால் பத்து சென்டும் இல்லை என்ற விஷயம் எனக்கு மழை பெய்த அன்றுதான் புரிந்தது. உன் அப்பாவுக்கு ஓலை வண்டி கிளம்பும்போதே தெரியும்.

அதற்குப் பிறகுதான் ரங்கன் மனுப்போட்டான். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன். “அவிடெ வீடு உண்டாயிருந்நோ?” என்று, அந்த மூலையில் வீடு இருந்ததா என மலையாளத்தில் கேட்டார். “மாட்டுக் கொட்டாய்ங்க சார். அதும் இடிஞ்சு ரெண்டு வருசமாச்சு” என்றார் உன் தாத்தா. அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார். ஆனால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்கவில்லையே என்பதற்குள் ஒளிந்துகொண்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து காளியம்மா கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். “சின்னம்மிணி, ஒரு வார்த்தைங்க. சின்னவர மொட்டையடிச்ச அன்னிக்கு என்ற ஊட்டு வாசல்ல வெச்சுப் படம் புடிச்சீங்களே, அதுல ஊடு தெரியுமுங்களா? அத்தாட்சி ஏதாச்சும் இருக்குதான்னு வக்கீலு கேக்கறாருங்க” என்றாள். கண்ணு, அந்தப் படம் அப்போது என் கல்லூரிப் புத்தகம் ஒன்றுக்குள் இருந்தது. கோயமுத்தூர் ஸ்டுடியோவிலிருந்து கழுவி வந்து இரண்டு வாரம். மொட்டைத் தலையோடு நீ, பின்னால் கூரை, சுவர், கதவு, அடுப்புப் புகை எல்லாம் இருந்தன. உனக்கு என்றைக்கு முடியெடுத்தது என்று ஊருக்கே தெரியும். இடிந்து இரண்டு வருஷம் என்ற பேச்சு அந்த ஒரு படத்தின் முன்னால் நின்றிருக்காது. நான் சொன்னேன்: “அது வுழுகல காளியம்மா. சின்னக் கேமராதானே, வெளிச்சம் பட்டு வீணாப் போயிருச்சு.” ஒரு மூச்சில் சொன்னேன். அவள் உடனே நம்பினாள். “போயிருச்சுங்களா? பெரியவரு அப்பவே தீப்பெட்டீன்னு சொன்னாருங்களே. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, உடுங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். கழுத்தில் தொங்குகிற பெரிய கேமரா என்றால் அந்தப் பொய் எடுபட்டிருக்காது.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். படம் வந்த அன்றே உன் அப்பாவிடம் காட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல், “இத எவங்கிட்டயாச்சும் காட்டினீன்னா உங்கப்பன் ஊட்டுக்கு நீ போலாம். பையன் வரமாட்டான்” என்றார். நீ அப்போது என் மடியில் இருந்தாய். எனக்கு வயது இருபத்திரண்டு. இதுவரைக்கும் எழுதியதோடு நிறுத்திக்கொண்டால் நீ என்னை மன்னித்துவிடுவாய். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். பயம் பாதிதான். அந்தக் காடு ஒருநாள் உனக்கு வரும், மூலை வெட்டுப்படாமல் முழுசாக வரட்டும் என்ற ஆசை மீதி. என்னை யாரும் மிரட்டாமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்று ஏழு வருஷமாக யோசிக்கிறேன். நீயும் இப்படி எதற்காவது நடுவில் நிற்க நேர்ந்தால், பயந்துதான் செய்தேன் என்று உடனே முடிவுகட்டிவிடாதே. பயத்துக்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று பார்.

மனு தள்ளுபடியானது. அந்த ஆடியில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு அவர்கள் வண்டன்மேட்டுக்குப் போய்விட்டார்கள். நான் படம் எடுப்பதை நிறுத்தினேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன வருஷம் உன் தாத்தா காலமானபோது, பனைமரத்துக் காட்டை உன் பெயருக்கு உயில் எழுதியிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. உனக்கு ஜுரம் வந்தாலும் அந்த மூலைதான் நினைவுக்கு வரும். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், பி.ஏ. படித்தவள்தான், ஆனாலும் வரும். மூன்று மாதத்துக்கு முன் நாம் இரண்டு பேரும் தேனி, குமுளி வழியாக மலையேறிப் போனோமே, நினைவிருக்கிறதா? பஸ்ஸில் நீ வாந்தி எடுத்தாய். வண்டன்மேட்டுக்குப் பக்கம் ஆனைக்கரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழியைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மறுநாள், தோழி விசாரித்துச் சொன்ன எஸ்டேட்டில், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில், ஒரு அம்மா உனக்குக் கட்டன்காப்பி ஆற்றிக் கொடுத்தாள். உன் வயதில் ஒரு பெண் உன்னை ஏலச்செடி காட்டக் கூட்டிப்போனாள். அந்த அம்மாதான் காளியம்மா. அந்தப் பெண் ராசாத்தி, அன்று கைக்குழந்தையாக இருந்தவள்.

காளியம்மாவின் விரல்களெல்லாம் கறை பிடித்து வெடித்திருந்தன. ரங்கன் இல்லை. மலைக்கு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, பதினோரு நாள் கிடந்து போய்விட்டானாம். “கீழ வெய்யல்லயே இருந்த ஒடம்புங்க” என்று மட்டும் சொன்னாள். நான் படத்தை எடுத்து நீட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப வுழுந்துச்சுங்களா” என்றாள்.

“வுழுந்துச்சு” என்றேன்.

ஸ்டோரில் யாரோ சாக்கு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “படிச்சவங்க நீங்க. நானெல்லாம் ஒரு பொய் சொல்லோணும்னா நாலு தடவ எச்சி முழுங்குவனுங்க. நீங்க கண்ணச் சிமிட்டாம சொன்னீங்க” என்றாள். குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நிலத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். “எனக்குக் குடுக்கறேன்னு சொல்லாதீங்க. எனக்குக் குடுக்கறதுன்னா அன்னிக்கே குடுத்திருக்கோணும். எம் புள்ளைக்குக் குடுக்கறதுன்னா குடுங்க, வேண்டாங்கல.” பிறகு படத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனாள். கதவோரத்து நிழலில் யாரோ நிற்பதுபோல ஒரு உருவம். நான் அதுவரை கவனித்ததே இல்லை. “இது அவருங்களா? அவருதானுங்க. துண்டப் பாருங்க. இத மட்டும் பெருசு பண்ணித் தர முடியுங்களா சின்னம்மிணி? அவரு மூஞ்சி எங்கயுமே இல்லீங்க எங்கிட்ட.”

திரும்பும் வழியில் கோயமுத்தூரில் இறங்கி நெகட்டிவைக் கொடுத்தேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். சுவர் வந்தது, கூரையின் ஓலை நுனிகூட வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். “சின்ன நெகட்டிவுங்க, இதுக்கு மேல இழுத்தா ஒண்ணுமில்ல” என்றார் ஸ்டுடியோக்காரர். அதைத்தான் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது, யாரையாவது கேட்டு எழுதலாம், எழுதவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. மைனர் சொத்தில் நாங்கள் கைவைக்க முடியாது, கோர்ட் உத்தரவு வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதற்கு உன் அப்பா கையெழுத்துப் போடமாட்டார். போடக்கூடியவன் நீ ஒருவன்தான், அதுவும் வயது வந்த பிறகு. பனைமரத்துக் காட்டின் தென்கிழக்கு மூலையில் பத்து சென்ட் அளந்து, ராசாத்தியின் பெயருக்கு எழுதிக்கொடு. தானம் என்று பத்திரத்தில் எழுதாதே. மலைக்கு நேரில் போய்க் கொடு. அவர்கள் வேறு எஸ்டேட்டுக்கு மாறியிருந்தால் ஆனைக்கரை டீச்சருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் ஒரு தடவையோடு திரும்பிவிடாதே. பட்டணத்தில் தூங்கும் இடம், ஈரத்துணி, கூட்டாளிகள் என்று உனக்குச் சொல்ல ஆயிரம் புத்திமதி வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது.

நீ செய்யமாட்டேன் என்று சொல்கிறவனாக வளர்ந்திருக்கவும் கூடும். அந்தக் காட்டுக் கடலையைத் தின்று, அந்த வீட்டில், எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுத்தானே வளர்கிறாய். எனக்கு அந்தப் பயம்தான் பெரிய பயம். விடுதிக்கு உன்னை அனுப்பச் சம்மதித்ததற்கும் அதுதான் காரணம், வெளியே சொல்லவில்லை.

இதை இரண்டு பிரதி எழுதினேன். நெகட்டிவோடு ஒன்று, உனக்காக வைத்திருக்கச் சொல்லி, காலையில் ஆனைக்கரை டீச்சருக்குத் தபாலில் போய்விட்டது. இன்னொன்றை உறையில் போட்டு, பீரோவில் பூட்டி, உன் அப்பாவுக்குத் தெரியாமல் பத்து வருஷம் காக்கலாம் என்றுதான் இன்று மத்தியானம்வரை நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் இன்னொரு பத்து வருஷம் அந்தப் படம் விழவில்லை என்று சொல்வதாகத்தான் ஆகும். தோட்டத்திலிருந்து அவர் சைக்கிள் வருகிறது. கைகால் கழுவிவிட்டு நேரே இந்த மேசைக்குத்தான் வருவார், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு. கண்ணாடியை எடுத்து இந்தத் தாள்களின் மேல் வைத்திருக்கிறேன். நீ வாசலில் விளையாடிக்கொண்டிருக்கிறாய். உன்னை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. கூப்பிடவில்லை.

அம்மா